555 நோட்டு இன்னும் கல்லாவில் கிடப்பது ஏன்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து ரெங்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அங்கே அவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் பில் போடும் கணினி, பார்கோடு படிக்கும் கருவி எல்லாம் வாங்கிப் போட்டார்கள். அண்ணன் சிங்கப்பூரில் ஒரு பேரங்காடியில் வேலை செய்கிறார். அங்கேயும் ஏறக்குறைய இதே கணினி, இதே கருவி. ஆனால் அங்கே ஓர் ஆளுக்கு நடக்கும் வியாபாரம் பல மடங்கு, சம்பளமும் அப்படியே. இங்கே கணினி வந்தும் அப்பா கடன் கணக்கை 555 என்ற சின்னப் பாக்கெட் நோட்டில்தான் எழுதுகிறார். "தொழில்நுட்பம் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதானே, பலன் மட்டும் ஏன் நாட்டுக்கு நாடு மாறுகிறது? இணைய வேகமா, படிப்பா, இல்லை நம் ஆட்களின் சோம்பலா?" என்று கேட்டிருக்கிறார். வயது 24 என்று சொல்லியிருப்பதால் தம்பி என்றே கூப்பிடுகிறேன்.

நான் பிறந்தது குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில். பொருளாதாரம் படித்தேன். படிப்புக்குத் தோதான வேலை அமையவில்லை. தோட்ட அலுவலகங்களுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் போட்டுக்கொடுக்கும் வேலையில் 22 வருடம் ஓடிவிட்டது. ஆகவே அலுவலகம், கணக்கு, சம்பளம் பற்றிச் சொல்வது கண்ணால் கண்டது. மற்ற நாடுகளைப் பற்றிச் சொல்வது படித்தது. பெரிய தொழிற்சாலைகளுக்குள் நான் வேலை பார்த்ததில்லை. அந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அண்ணனின் சம்பளத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம், ஏனென்றால் அதில் இரண்டு மூன்று விஷயம் கலந்து கிடக்கிறது. 1973 மே மாதம் வரை சிங்கப்பூர் வெள்ளியும் நம் மலேசிய வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளக்கூடியவை. என் அப்பா அந்தக் காலத்தை ஒரு புராணக் கதைபோலச் சொல்வார். இன்று அங்கே ஒரு வெள்ளி கொடுத்தால் இங்கே மூன்றுக்கு மேல் கிடைக்கிறது. நாணய மாற்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அண்ணன் கல்லாவில் பொருளைத் தேய்க்கும் வேகமும் உங்கள் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கும். துறைமுகம், வங்கி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு என்று அந்த ஊரின் மற்றத் தொழில்களில் ஆளுக்கு ஆள் ஈட்டும் மதிப்பு அதிகம். அவர்களோடு போட்டி போட்டு ஆள் பிடிக்க வேண்டியிருப்பதால் முடிவெட்டுபவருக்கும் கல்லாவில் நிற்பவருக்கும் கூலி ஏறிவிடுகிறது. அதனால் சம்பள வித்தியாசம் முழுவதையும் அந்தக் கடைக் கணினியின் கணக்கில் எழுதிவிட முடியாது. கணக்கில் எடுக்க வேண்டியது, ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் மதிப்பு. உற்பத்தித்திறன் என்று சொல்வது அதைத்தான்.

அடுத்தது, "தொழில்நுட்பம் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதானே" என்ற வரி. அது பாதி சரி. டியேகோ கோமின், மார்ட்டி மெஸ்டியேரி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் கடந்த 200 வருடத்தில் ஒவ்வொரு கண்டுபிடிப்பும் ஒவ்வொரு நாட்டுக்கும் எப்போது வந்தது, வந்தபின் எவ்வளவு பரவியது என்று தனித்தனியாகப் பார்த்து 2018-இல் எழுதினார்கள். வந்து சேரும் தாமதம் ஏழை நாடுகளுக்கும் பணக்கார நாடுகளுக்கும் இடையே குறைந்துகொண்டே வந்திருக்கிறது. நீராவிக் கப்பலுக்குத் தலைமுறைக் கணக்கில் காத்திருந்த நாடுகளுக்குக் கைப்பேசி சில வருடத்திலேயே வந்துவிட்டது. ஆனால் வந்தபின் எவ்வளவு ஆழமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதில் இடைவெளி கூடியிருக்கிறது. ரெங்கத்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே கருவி வந்தாயிற்று. அந்த இடத்திலிருந்துதான் பாதை பிரிகிறது.

ஏன் பிரிகிறது என்பதற்கு நான் பார்த்த இரண்டு தோட்டங்களைச் சொல்கிறேன். 2003 வாக்கில் இரண்டுக்கும் நான்தான் மென்பொருள் போட்டேன். ஒரே பதிப்பு, ஒரே பயிற்சி, இரண்டுக்கும் நடுவே பத்து மைல்கூட இருக்காது. முதல் தோட்டத்தில் மண்டோர் (ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி) காலையில் பெரட்டில், அதாவது ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் இடத்தில், பெயர் குறிப்பார், மாலையில் யார் எத்தனை செம்பனைக் குலை வெட்டினார்கள் என்று பாக்கெட் நோட்டில் எழுதுவார். கிராணி, அதாவது அலுவலகக் குமாஸ்தா, அதைச் செக்ரோல் என்ற சம்பளப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றுவார். கணினி வந்தபின் என்ன நடந்தது தெரியுமா? செக்ரோல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்து ஒரு பெண் கணினியில் தட்டச்சு செய்தார். அதை அச்சடித்துச் செக்ரோலோடு வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். மேனேஜர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். கணினி அங்கே மூன்றாவது நோட்டாக உட்கார்ந்துகொண்டது. சம்பளக் கணக்கு முடிக்க முன்பைவிட ஒரு நாள் கூடுதலாகப் பிடித்தது.

இதை நான் அப்போது முட்டாள்தனம் என்று நினைத்தேன், வாயைவிட்டுச் சொல்லியும் இருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து வரும் தணிக்கையாளர் கையால் எழுதிய புத்தகத்தைத்தான் கேட்பார். சம்பள நாளில் ஒருவருக்கு ஒரு நாள் கூலி விட்டுப்போனால் ஆபீஸ் வாசலில் சண்டை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பெரிய கிராணி. முப்பது வருடம் அவருடைய மரியாதையே அந்தப் புத்தகத்தில்தான் இருந்தது. அதை விட்டுக்கொடுக்க அவருக்கு யாரும் ஒரு காரணமும் தரவில்லை. சோம்பல் என்று தம்பி கேட்டாரே, அந்த மனிதர் காலை ஐந்தரைக்கு வேலைக்கு வந்தவர்.

இரண்டாவது தோட்டத்தில் புதிதாக வந்த மேனேஜர் வேறு மாதிரி. செக்ரோல் வேண்டாம் என்று தலைமை அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கினார். பிறகு மண்டோர் கையிலேயே ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து, குலை அடுக்கி வைக்கும் இடத்திலேயே எண்ணிக்கையைப் பதிய வைத்தார். பெரிய கிராணிக்குத் தட்டச்சு வேலை இல்லை. எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறாகக் கூடினாலோ குறைந்தாலோ போய்ப் பார்ப்பது அவர் பொறுப்பு. சம்பளம் இரண்டு நாளில் முடிந்தது. ஆனால் பெரிய லாபம் சம்பளக் கணக்கில் வரவில்லை. எந்தப் பகுதியில் எத்தனை குலை கிடக்கிறது என்று அன்று சாயங்காலமே தெரிந்ததால் லோரியை அதற்கேற்ப அனுப்ப முடிந்தது. செம்பனைப் பழம் வெட்டிக் கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும் என்பார்கள். பழம் புதிதாகப் போய்ச் சேர்ந்தது. மென்பொருளை விற்றபோது லோரி என்ற வார்த்தையே என் வாயில் வரவில்லை! வாங்கியவர்களும் அதை நினைத்து வாங்கவில்லை. வேலையைக் கலைத்து அடுக்கியபின்தான் அந்த லாபம் கண்ணுக்குத் தெரிந்தது.

எல்லாத் தொழில்நுட்பமும் இப்படி மனிதர்களைக் கலைத்து அடுக்கச் சொல்வதில்லை. என் அம்மா செம்பனைப் பூவுக்கு மகரந்தத் தூள் அடிக்கும் வேலை பார்த்தவர். 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து நம் குளுவாங் வட்டாரத்தில்தான் முதலில் விட்டார்கள். அது பூவுக்குப் பூ பறந்து அந்த வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. நாடு முழுக்கப் பரவியது. எந்தக் கிராணியும் அதற்கு ஒப்புதல் தர வேண்டியிருக்கவில்லை. அம்மாவைப் புல்வெட்டும் கூட்டத்துக்கு மாற்றினார்கள், அது வேறு கதை. கணினி அந்த வண்டு மாதிரி இல்லை, மின்சாரம் மாதிரி.

மின்சாரம் என்று சும்மா சொல்லவில்லை. 1987-இல் ராபர்ட் சோலோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், கணினி யுகம் எங்கு பார்த்தாலும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் காணோம் என்று எழுதினார். அதே வருடம் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதற்குப் பதில்போல 1990-இல் பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் பழைய கதையை எடுத்தார். எடிசன் நியூயார்க்கில் மின்நிலையம் திறந்தது 1882-இல். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அதன் முழுப் பலன் தெரிந்தது 1920-களில். நடுவே நாற்பது வருடம் என்ன செய்தார்கள்? முதலில் நீராவி இயந்திரத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மின்மோட்டாரை வைத்தார்கள். கூரையோடு ஓடும் தண்டு, அதிலிருந்து தொங்கும் பெல்ட், மாடிமேல் மாடியாகக் கட்டிய கட்டடம், எல்லாம் பழையபடியே. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, ஒரே தளத்தில் வேலை ஓடும் வரிசைப்படி அடுக்கியபின்தான் உற்பத்தி எகிறியது. முதல் தோட்டத்துக் கணினி, அந்தப் பெரிய மோட்டார்தான்.

சரி, நாட்டுக்கு நாடு என்ற கேள்விக்கு வருவோம். மிக நன்றாக ஆராயப்பட்ட ஒப்பீடு அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பாவும். 1973 முதல் 1995 வரை அமெரிக்காவில் மணிநேர உற்பத்தித்திறன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.2 விழுக்காடு வளர்ந்தது, ஐரோப்பிய ஒன்றியத்தின் பழைய 15 நாடுகளில் 2.4 விழுக்காடு. 1995 முதல் 2006 வரை இது தலைகீழானது: அமெரிக்கா 2.3, ஐரோப்பா 1.5. இரண்டு பக்கமும் கணினி வாங்கக் காசு இருந்தது, படித்தவர்கள் இருந்தார்கள். வித்தியாசத்தின் பெரும்பகுதி வந்தது சில்லறை வணிகம், மொத்த வணிகம் போன்ற சேவைத் துறைகளில். உங்கள் அப்பாவின் தொழில்தான், தம்பி.

அங்கேயும் "அமெரிக்கச் சட்டம் வேறு, சந்தை பெரிது" என்று சொல்லித் தப்பிக்கலாம். அதனால்தான் நிக் புளூம், ரஃபேலா சதுன், ஜான் வான் ரீனன் மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடிக்கும். அவர்கள் பார்த்தது எல்லாமே பிரிட்டனுக்குள் இருந்த நிறுவனங்கள். அதே மண், அதே சட்டம், அதே வேலையாட்கள். அமெரிக்கருக்குச் சொந்தமான நிறுவனங்கள் கணினியில் போட்ட காசுக்கு மற்ற வெளிநாட்டு நிறுவனங்களைவிடக் கூடுதல் பலன் எடுத்தன. பிரிட்டிஷ் நிறுவனத்தை அமெரிக்கர் வாங்கியபின்னும் அந்த வேறுபாடு தெரிந்தது. காரணமாக அவர்கள் காட்டியது ஆட்களை நிர்வகிக்கும் முறை: நன்றாகச் செய்பவரை மேலே ஏற்றுவது, சரிவராதவரை மாற்றுவது, வேலையைச் சட்டென்று திருப்பி அடுக்குவது. இத்தாலியைப் பற்றிய ஆய்வொன்றும் இதே பக்கம் போகிறது. 1990-களின் நடுவிலிருந்து அந்த நாட்டில் உற்பத்தித்திறன் படுத்துவிட்டது. திறமையைவிட விசுவாசத்தையும் உறவையும் பார்த்து மேலாளரை வைக்கும் வழக்கத்தால் கணினிப் புரட்சியின் பலனை அவர்களால் எடுக்க முடியவில்லை என்று பெல்லெக்ரீனோ, சிங்காலேஸ் இருவரும் வாதிடுகிறார்கள். கல்லாப்பெட்டிச் சாவி மச்சானுக்கு என்பது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை போலிருக்கிறது.

இதில் எது உறுதி, எது சந்தேகம்? 1995-க்குப் பிறகு அமெரிக்கா முந்தியது உறுதி. அதில் ஒரு பங்கு கணினியையும் அதற்குள் இருக்கும் மின்னணுச் சில்லையும் செய்யும் துறையிலிருந்தே வந்தது, இன்னொரு பங்கு அவற்றைப் பயன்படுத்தும் துறைகளிலிருந்து வந்தது என்பதும் உறுதி. சொந்தமாகச் செய்யாத நாடும் பலன் எடுக்கலாம். 1990-களில் ஆஸ்திரேலியாவின் உற்பத்தித்திறன் ஏறியபோது அது கணினி செய்யும் நாடே இல்லை. ஆனால் நிர்வாகத்துக்கு எவ்வளவு பங்கு, தொழிற்சட்டங்களுக்கு எவ்வளவு, சந்தைப் போட்டிக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஏற்கனவே நன்றாக நடக்கும் நிறுவனம்தான் கணினியும் அதிகம் வாங்குகிறதா, கணினி வாங்கியதால் நன்றாக நடக்கிறதா என்ற சந்தேகமும் முழுசாகத் தீரவில்லை. அளக்கும் முறையும் ஒன்றில்லை. கணினியின் வேகம் கூடுவதை விலை குறைந்ததாகக் கணக்கிடும் முறையை அமெரிக்கா 1985 இறுதியிலேயே கொண்டுவந்தது. ஐரோப்பாவில் பல நாடுகள் வெகு தாமதமாக. அதோடு, 2005 வாக்கிலிருந்து அமெரிக்காவின் வேகமும் இறங்கிவிட்டது. அந்தப் பத்து வருடம் நிரந்தர மாற்றமா, ஒருமுறை வந்து போன அலையா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள்.

நம் நாட்டுக்கு வருகிறேன். இன்டெல் 1972-இல் பினாங்குக்கு வந்தது. உலகத்தில் சில் சோதித்து உறையிடும் வேலையில் சுமார் 13 விழுக்காடு இங்கேதான் நடக்கிறது என்பார்கள். 1996-இல் பல்லூடகப் பெருவழி என்று கணினித் தொழிலுக்குப் பெரிய திட்டம் போட்டோம். செய்வதில் நாம் பின்தங்கவில்லை. பயன்படுத்துவதில்தான் குறை, அதற்கு முதல் காரணம் மலிவான கூலி என்பது என் கருத்து. இதை எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஓர் ஆளைக் கொண்டுவருவது ஓர் இயந்திரத்தையும் அதற்கேற்ற புது முறையையும் கொண்டுவருவதைவிட மலிவு என்றால் எந்த முதலாளியும் ஆளைத்தான் கொண்டுவருவார். நம் ஆட்கள் பட்டணத்துக்குப் போனபின் தோட்டங்களில் நடந்தது அதுதான். இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் வந்தார்கள். வேலை செய்யும் முறை தாத்தா காலத்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, பிறகு வெளிநாட்டு ஆட்களும் நின்றபோது மரத்திலேயே பழம் பழுத்து உதிர்ந்ததைப் பார்த்தேன். முன்பு என் போனை எடுக்காத மேனேஜர்கள் அந்த வருடம் அவர்களாகவே அழைத்தார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி, 2025-இல் 1,700. அது ஏற ஏற இந்தக் கணக்கு மாறும்.

இரண்டாவது காரணம் அளவு. நம் நாட்டு நிறுவனங்களில் சுமார் 97 விழுக்காடு சிறு, நடுத்தர நிறுவனங்கள். வேலையாட்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அவற்றில்தான், ஆனால் நாட்டு உற்பத்தியில் அவற்றின் பங்கு 40 விழுக்காட்டைத் தொடவில்லை. வேலையைக் கலைத்து அடுக்க ஒரு முறை ஆகும் செலவு பெரிய கடைக்கும் சின்னக் கடைக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. இருநூறு கிளை உள்ள பேரங்காடிக்கு அது தூசு. உங்கள் அப்பாவுக்கு மூன்று மாதத் தூக்கம்.

சிங்கப்பூர் இதை எப்படிச் சமாளித்தது என்றால், கலைத்து அடுக்கும் செலவில் ஒரு பகுதியை அரசே ஏற்றுக்கொண்டது. 1989-இல் டிரேட்நெட் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதுவரை சரக்கு அனுப்ப ஒவ்வோர் இலாகாவுக்கும் தனித்தனி பாரம் (படிவம்), கையெழுத்துக்கு நாள் கணக்கில் ஓட்டம். பழைய பாரங்களை அப்படியே கணினியில் ஏற்றியிருந்தால் நம் முதல் தோட்டத்துக் கதைதான். முதலில் இலாகாக்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒரே பாரமாக்கினார்கள், பிறகு கணினியில் ஏற்றினார்கள். நிமிடக் கணக்கில் அனுமதி வந்தது. அதற்காக அந்த ஊரைத் தலையில் தூக்கி ஆட வேண்டாம். கட்டுமானத்திலும் உணவுக் கடைகளிலும் வெளிநாட்டு ஆட்களை நம்பியே அவர்களும் காலம் ஓட்டினார்கள். 2010-இல் அரசே விழித்துக்கொண்டு, வெளிநாட்டு ஆளை வைப்பதற்கு முதலாளி கட்டும் வரியை ஏற்றத் தொடங்கியது.

இணைய வேகம் ஒரு தடைதான், தோட்டத்துக்குள் இன்றும் சிக்னல் தேடி மேட்டில் ஏறுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ரெங்கம் டவுனில் உள்ள உங்கள் கடைக்கு அந்தச் சாக்கு செல்லாது. படிப்பு முக்கியம், ஆனால் கணினி இயக்கத் தெரிந்த படிப்பைவிட, ஒரு வேலை ஏன் இந்த வரிசையில் நடக்கிறது என்று கேட்கத் தெரிந்த படிப்பு. சோம்பல் என்ற பேச்சை விட்டுவிடுவோம்.

கடைசியாக அந்த 555 நோட்டு. அதை ஒழிக்கப் பார்க்கும் முன் அது என்ன வேலை செய்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். நான் பார்த்த கடைகளில், கடன் வாங்குபவர் கண் முன்னால் கடைக்காரர் எழுதுவார், நோட்டை வாங்குபவர் பக்கம் திருப்பிக் காட்டுவார், அவர் தலையாட்டுவார். மாதக் கடைசியில் தகராறு வராததற்குக் காரணம் அந்தத் தலையாட்டல். உங்கள் கணினித் திரை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது? பெரும்பாலும் கல்லாவில் இருப்பவரைப் பார்த்து. வாடிக்கையாளர் பக்கம் ஒரு சின்னத் திரை வையுங்கள், அல்லது மொத்தப் பாக்கியோடு ஒரு துண்டுச் சீட்டு அவர் கைக்குப் போகட்டும். அப்புறம் சரக்கு எடுக்க மொத்த வியாபாரிக்குப் போன் செய்யும்போது அப்பா எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று பாருங்கள். அலமாரியைப் பார்த்து என்றால், கணினியில் உள்ள இருப்புக் கணக்கை அவர் நம்பவில்லை. பத்துப் பொருளை மட்டும் எடுத்து, அரிசி, சீனி, பால் டின் என்று, தினமும் கடை சாத்தும்போது எண்ணிப் பார்த்துத் திரையோடு ஒப்பிடுங்கள். மூன்று மாதம் போகட்டும். அதற்குப் பிறகும் அவர் கை நோட்டைத் தேடினால் மென்பொருளில்தான் ஏதோ குறை. அப்போது திரும்ப எழுதுங்கள், என்ன மென்பொருள் என்றும் சொல்லுங்கள்.